அப்பா மடித்த கப்பல்

ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நாங்கள் நலம். நீ, அத்தான், உன்னிடம் விட்டு வந்த என் குட்டி எல்லோரும் நலமா? உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? தைலம் வாங்கினாயா, இல்லை வழக்கம்போல நாளைக்கு நாளைக்கு என்கிறாயா?

போனில்தான் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் என்ன பேச முடிகிறது, சொல். உன் பக்கம் குட்டியின் காது, என் பக்கம் இவருடைய காது. நீயும் நானும் "நல்லா இருக்கோம், நல்லா இருக்கோம்" என்று மாறி மாறிச் சொல்லிவிட்டு வைக்கிறோம். ஆள் முகம் தெரிகிற மாதிரி போன் போடலாம் என்றால் இவர் சம்மதிக்கவில்லை.

மருத்துவமனைக்கு எதிர்ச் சந்தில் மூன்றாம் மாடியில் அறை கிடைத்திருக்கிறது. ஒரு கட்டில், ஒரு கொடி, எவ்வளவு திருகினாலும் சொட்டுகிற ஒரு குழாய். ஆண்கள் வார்டில் இரவு தங்க விடுவதில்லை. அதனால் இருட்டியதும் இங்கே வந்துவிடுவேன். கடைப் பலகை மாட்டப் போய் ஏணியிலிருந்து விழுந்த மனிதர் நடக்கிறாரே, அதுவே பெரிது என்கிறார் டாக்டர். விரல்களுக்குத்தான் இன்னும் கொஞ்ச நாள் ஆகுமாம்.

பிசியோதெரபி அறையில் ஒரு பெண் விரல் பயிற்சிக்குக் காகிதம் மடிக்கச் சொல்லித் தருகிறாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் கற்றுக்கொண்டேன். குட்டிக்கு லீவு விட்டுவிட்டதே, வெயிலில் வெளியே விடவும் முடியாது, நீ வேலைக்குப் போனபின் அவள் என்ன செய்வாள் என்று யோசித்து யோசித்து மண்டை காய்ந்துவிட்டது. அதனால் இத்துடன் ஒரு நீலக் கப்பலும் ஒரு விசிறியும் வைத்திருக்கிறேன். கப்பலை மெதுவாகப் பிரிக்கச் சொல். மடிப்புக் கோடுகள் அப்படியே இருக்கும். அந்தக் கோட்டிலேயே திரும்ப மடித்தால் கப்பல் வந்துவிடும். விசிறி இன்னும் சுலபம். முன்னே ஒரு மடிப்பு, பின்னே ஒரு மடிப்பு.

கப்பலை அப்பா மடித்தார் என்று அவளிடம் சொல். நாம் பேசி வைத்ததை மறந்துவிடாதே: அப்பா வெளியூரில் பெரிய பலகை மாட்டுகிறார், அம்மா துணைக்குப் போயிருக்கிறாள். ஐந்து வயதுக் குழந்தைக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

எல்லோரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உன் தங்கை

பி.கு.: ராத்திரி அவளுக்குப் போர்வை காலில் சுற்றிக்கொள்ளும். ஒரு தடவை எழுந்து பார்.


ஏப்ரல் 15

அன்புள்ள தங்கச்சிக்கு,

எல்லோரும் நலம். தைலம் வாங்கிவிட்டேன். உன் வாயை அடைக்கவே வாங்கினேன்.

குட்டி நன்றாகச் சாப்பிடுகிறாள். கப்பலும் விசிறியும் வந்து சேர்ந்தன. கப்பலைக் கையில் வைத்து ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

உனக்கு இரக்கம் என்பது உண்டா, சொல். காலையிலிருந்து சாயங்காலம் வரை பேக்கரியில் கேக் பெட்டி மடித்துக் கொடுக்கிறவள் நான். வீட்டுக்கு வந்தால் இங்கேயும் மடிப்பு! உன் அத்தான், "வேலையை வீட்டுக்கும் கொண்டு வந்துட்டியா?" என்று சிரிக்கிறார். அவர் சிரித்தது இந்த மாதத்தில் அந்த ஒரு தடவைதான்.

"எந்த ஊருல பலகை மாட்டுறாரு?" என்று கேட்டாள். பெரிய ஊரு என்றேன். "அங்க பலகையே இல்லையா?" என்றாள். இனிமேல்தான் மாட்டப் போகிறார் என்று சமாளித்தேன். இவளுக்கு வக்கீல் வேலைதான் சரிப்படும்.

குட்டி செய்த கப்பல் ஒன்று இதில் இருக்கிறது. நீ ஒழுங்காகச் சாப்பிடு. குரலே ஒட்டிப் போயிருக்கிறது.

அக்கா


ஏப்ரல் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அங்கே அனைவரும் நலம்தானே?

குட்டியின் கப்பலைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். சிரிக்காதே. இவருடைய தலைமாட்டில் மருந்து டம்ளர் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அடிக்கடி அதையே பார்க்கிறார். கை நாளுக்கு நாள் தேறி வருகிறது. சாப்பாடு மட்டும் இன்னும் நான்தான் ஊட்டுகிறேன். அதுவும் பாதி சோம்பல் என்றுதான் நினைக்கிறேன்.

இந்தத் தடவை ஒரு மீன், ஒரு ஐஸ்கிரீம். ஐஸ்கிரீம் ரொம்பச் சுலபம். சதுரக் காகிதத்தை மூலைக்கு மூலை மடித்துக் கோடு போட்டுப் பிரித்துவிட்டு, இரண்டு ஓரங்களையும் அந்தக் கோட்டுக்குக் கொண்டு வந்தால் கூம்பு. மேலே நிற்கிற முக்கோணத்தை முன்பக்கம் மடித்தால் ஐஸ்கிரீம் வழிகிற மாதிரி இருக்கும். அதில் அவளைப் புள்ளி வைக்கச் சொல். மீனுக்குக் கண் வரைய விட்டுவிடு, எத்தனை கண் வரைந்தாலும் பரவாயில்லை. ஐஸ்கிரீமை அப்பா மடித்தார், மீன் அம்மா.

அக்கா, அவள் பல் தேய்க்கிறாளா? படுக்கையை நனைக்கிறாளா? நனைத்தால் திட்டாதே, என்னிடம் சொல். என்னைக் கேட்கிறாளா? கேட்டாலும் கவலை, கேட்காவிட்டாலும் கவலை. கல்லூரியில் குழந்தை வளர்ப்புக்கு ஒரு பாடமே வைத்தார்கள், நல்ல மதிப்பெண்கூட வாங்கினேன். அதில் இதெல்லாம் ஒன்றும் இல்லை.

வெயிலில் மாடி அறை அடுப்பு மாதிரி இருக்கிறது. தரையில் தண்ணீர் தெளித்துப் படுக்கிறேன். நீ கவலைப்படாதே.

தங்கை


மே 16

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலம். பதில் தாமதமாகிவிட்டது. பேக்கரியில் ஆர்டர் மேல் ஆர்டர், இரண்டு பேர் வேலையை ஒருத்தியே பார்க்கிறேன்.

குட்டிக்கு ஒரு குறையும் இல்லை. மீனும் ஐஸ்கிரீமும் செய்தாள், இத்துடன் வைத்திருக்கிறேன். பல் தேய்க்கிறாள்.

அடிக்கடி அனுப்ப வேண்டும் என்றில்லை. நீ ஓய்வெடு. கையில் வேலை இருக்கிறது, இவ்வளவுதான் இப்போதைக்கு.

அக்கா


மே 23

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்றே எழுதுகிறேன். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. இந்த மீனை யார் மடித்தது?

கல்லூரி லீவுகளில் உன் பேக்கரியின் பின்கட்டில் உட்கார்ந்து உன் கையையே பார்த்துக்கொண்டிருந்தவள் நான். பெட்டி மடிக்கிறவர்கள் ஒரு மடிப்பை ஒரு பக்கம் மட்டும் மடிப்பதில்லை. முன்னே மடித்து, உடனே பின்னே ஒரு முறி முறித்து, பிறகுதான் நிறுத்துவார்கள். அப்போதுதான் அட்டை அடங்கும் என்று நீதானே சொன்னாய்? இந்த மீனில் எல்லாக் கோடும் இரண்டு பக்கமும் முறிந்திருக்கிறது. வாலில்கூட. சந்தேகம் வந்து தலைமாட்டிலிருந்த கப்பலையும் எடுத்துப் பார்த்தேன். அதுவும் அப்படியே. மெல்லிய வண்ணக் காகிதத்துக்கு எதற்கு அக்கா அவ்வளவு முறி? மூலையும் மூலையும் ஒரு மயிரிழை விலகவில்லை. இது குழந்தை கை இல்லை.

அவளுக்கு என்ன? காய்ச்சலா? விழுந்தாளா? கை எதுவும் அடிபட்டதா? போனில் "ம்", "ம்" என்று மட்டும் சொல்கிறாள். வெட்கம் என்று நினைத்தேன். என்னிடம் மறைக்காதே. மறைத்தால் எனக்கு நல்லது என்று நினைக்கிறாய். எனக்கு அது ஆயிரம் மடங்காகத் தெரிகிறது. மூன்றாம் மாடியில் தனியாக உட்கார்ந்து என்னென்ன நினைக்கிறேன் என்று எழுதினால் நீ பயந்துவிடுவாய்.

உடனே எழுது.

தங்கை


மே 29

தங்கச்சி,

உடம்பால் அவளுக்கு ஒன்றும் இல்லை. முதலில் அதைப் படித்து மூச்சு விடு.

நான்தான் மடித்தேன். அவள் தொடவில்லை. முதல் கப்பல் வந்த அன்றே திருப்பிப் பார்த்துவிட்டு, "இது அப்பா செஞ்சது இல்ல" என்று உறைக்குள்ளேயே போட்டுவிட்டாள். எப்படிடி தெரியும் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. போன வாரம்தான் சொன்னாள். "அப்பா கப்பலை விரிக்க மாட்டாரு பெரியம்மா. எல்லாம் மடிச்சிட்டு என்கிட்ட குடுப்பாரு. நான்தான் அதோட ரெண்டு காதையும் பிடிச்சு இழுத்து விரிப்பேன். எப்பவும் நான்தான்." மத்தியானத்தில் பாத்ரூம் வாளியில் தண்ணீர் நிரப்பி அப்பனும் மகளும் விளையாடுவார்களாமே, உனக்குத் தெரியுமா? விரித்த கப்பலை நீ அனுப்பியிருக்கிறாய்.

ஐஸ்கிரீம் வந்தபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து எந்தக் காகிதத்தையும் தொடுவதில்லை. நீ அங்கே தவித்துக்கொண்டிருப்பாயே என்று நானே மடித்து வைத்தேன். தப்புதான்.

இன்னும் கேள். நேற்று உன் அத்தானிடம் போய்க் காதில் ரகசியமாக, "அப்பா செத்துட்டாரா?" என்று கேட்டிருக்கிறாள். அவர் தலையை மட்டும் இல்லை என்று ஆட்டியிருக்கிறார். "நீங்க பொய் சொல்றீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

நீ சொல்லச் சொன்னதைத்தான் நான் சொன்னேன். இப்போது என்னையும் அவள் நம்புவதில்லை. சாப்பாடு சூடாக இல்லை என்று சொன்னால்கூடத் தொட்டுப் பார்த்துத்தான் வாயில் வைக்கிறாள். நானும் ஓய்ந்துவிட்டேன். நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து, என்னைச் சந்தேகமாகப் பார்க்கிற பிள்ளைக்கு எதிரே உட்கார முடியவில்லை.

மீனைப் பற்றி நீ என்னைக் கேட்டாய். நான் உன்னைக் கேட்கிறேன். அந்த ஐஸ்கிரீமை அவரா மடித்தார்?

அக்கா


ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். நீ போன் செய்தபோதெல்லாம் வார்டில் சத்தம் என்று வைத்ததும் பொய்தான்.

இல்லை அக்கா. அவர் மடிக்கவில்லை. அவருக்கு விரல் மூடவே மூடாது. பத்து விரலும் விரித்தபடியே இருக்கிறது. தண்ணீர் டம்ளரை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் இடுக்கிக்கொள்கிறார், அதுவும் பாதி நாள் கீழே விழுகிறது. நாளுக்கு நாள் தேறுகிறது என்று உனக்கு எழுதியபோது எனக்கும் சேர்த்துத்தான் எழுதிக்கொண்டேன் போலிருக்கிறது. வரும், ஆனால் எவ்வளவு வரும் என்று சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். அந்த "ஆனால்" என்ற சொல்லை நான் யாருக்கும் சொல்லவில்லை.

உன் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டுவதா வேண்டாமா என்றே இத்தனை நாள் போய்விட்டது. போன வாரம் படித்தேன். "செத்துட்டாரா" என்ற இடம் வந்ததும் நிறுத்தினேன். "படி" என்றார். படித்தேன்.

நான் முடித்ததும், "நீ ஏன் விரிச்சு அனுப்பின?" என்றார்.

"எனக்கு எப்படித் தெரியும்? நீங்க ரெண்டு பேரும் கதவைச் சாத்திக்கிட்டு தண்ணியைக் கொட்டுவீங்க. நான் அப்புறம் வந்து துடைப்பேன். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்" என்றேன். எங்கிருந்தோ கோபம் வந்துவிட்டது.

"ஒரு காகிதம் குடு" என்றார்.

காலை முழுக்க முயன்றார் அக்கா. உள்ளங்கையின் ஓரத்தால் தேய்த்துத் தேய்த்து ஒரு மடிப்பு. அது படிவதற்குள் மறுமுனை நழுவிவிடும். குனிந்து முகவாயால் அழுத்திப் பார்த்தார். நான் கையை நீட்டினால் "தொடாதே" என்று கத்துகிறார். பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் படுத்துக்கொண்டார். கடைசியில் காகிதம் கட்டிலுக்குக் கீழே போய்விட்டது. எடுக்க வேண்டாம் என்றார்.

"சொல்ல வேணாம்னு சொன்னது நீங்கதானே. இப்ப நான் என்ன செய்யணும்?" என்றேன்.

"இந்தக் கையோட அவ முன்னால எப்படி நிக்கிறது?" என்றார். பிறகு, "எழுது. விழுந்துட்டேன்னு எழுது. கை வரலைன்னும் எழுது. செத்துட்டேன்னு அவ நினைக்கிறதுக்கு இது தேவலாம்" என்றார்.

கூடவே குட்டிக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். அதில் உள்ளபடியே படி. நடுவில் எதையும் இனிப்பாக்காதே. அவள் அழுதால் அழட்டும், பக்கத்தில் இரு. உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. உனக்கு என் மேல் இருந்தால் அது நியாயம்.

தங்கை


ஜூன் 20

என் தங்கக் குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். பெரியம்மா படிப்பாள்.

அப்பா சாகவில்லை. அப்பா இருக்கிறார். ஆனால் அவர் பலகை மாட்டப் போகவில்லை. சில மாதங்களுக்கு முன்னால் ஒருநாள் ஏணியிலிருந்து கீழே விழுந்துவிட்டார். இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறார். நடப்பார், பேசுவார். விரல் மட்டும் மூடாது. ஸ்பூன் பிடிக்க முடியாது. உன்னைத் தூக்க முடியாது. காகிதம் மடிக்க முடியாது.

நீ சொன்னது சரி. அந்தக் கப்பலை அப்பா மடிக்கவில்லை. ஐஸ்கிரீமும் அவர் இல்லை. எல்லாம் அம்மா மடித்தது. நீ கவலைப்படக் கூடாது என்று பொய் சொன்னோம். நீ கண்டுபிடித்துவிட்டாய். பெரியம்மா மேல் தப்பு இல்லை, அம்மா சொல்லித்தான் சொன்னாள்.

போன வாரம் அப்பா உனக்காக ஒரு கப்பல் மடித்துப் பார்த்தார். வரவில்லை. அதனால் இந்த உறையில் கடிதம் மட்டும்தான் இருக்கிறது.

எப்போது வீட்டுக்கு வருவோம் என்று கேட்பாய். எனக்குத் தெரியவில்லை. தெரிந்ததும் முதலில் உனக்குத்தான் சொல்வேன்.

உன் கன்னத்துக்கு ஒரு முத்தம்.

அம்மா


ஜூலை 1

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலம். இந்தத் தடவை நிஜமாகவே நலம்.

படித்தேன். ஒரு எழுத்தையும் விடவில்லை. உன் அத்தான் வாசலில் நின்றுகொண்டு செருப்பைத் தேடுகிற மாதிரி நடித்தார். குட்டி அழவில்லை. நான்தான் அழுதேன். "நீ ஏன் பெரியம்மா அழுற, நீயா விழுந்த?" என்கிறாள்.

பிறகு ஆரம்பித்தது விசாரணை. "வலிக்குதா?" "ஊசி போட்டாங்களா?" "யாரு ஊட்டுறா?" அம்மா ஊட்டுகிறாள் என்றேன். "சட்டை பட்டன்?" அம்மா. "மூக்கு அரிச்சா?" எனக்குத் தெரியாது என்றேன், கேட்டு எழுது. தெரியாது என்று சொன்னதும் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதன்பின் வந்து மடியில் உட்கார்ந்தாள். ரெண்டு மாசத்துக்கு மேல் ஆயிற்று அவள் மடிக்கு வந்து.

சாப்பிட்டு முடித்ததும் நியூஸ் பேப்பர் கேட்டாள். பழைய பேப்பர் கட்டையே இழுத்துப் போட்டுக்கொண்டு தரையில் குப்புறப் படுத்துவிட்டாள். கப்பலா என்றேன். "கப்பலுக்குக் கை வேணும். ரெண்டு காதையும் இழுக்கணும்ல? இது தொப்பி. தொப்பிக்குக் கை வேணாம், தலை போதும்" என்றாள். பள்ளியில் வெயிலுக்குப் போட்டுக்கொள்ள மிஸ் சொல்லிக் கொடுத்ததாம்.

ஓரம் எதுவும் சேரவில்லை தங்கச்சி. என் கை பரபரக்கிறது, ஒரே ஒரு முறி முறித்தால் நேராகிவிடும். விரலை நீட்டினேன், சட்டென்று ஒரு அடி! உன் அத்தான் தலையில் வைத்து அளவு பார்த்தாள். காதில் வந்து நின்றது. "அப்பா தலை பெரிசு" என்று பிரித்து முதலிலிருந்து ஆரம்பித்தாள். பெரியப்பா தலை சின்னது என்று அவரே சாயங்காலம் முழுக்க வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார்.

அனுப்பியிருக்கிறேன். அதில் இருக்கிற ஒரு மடிப்பும் என்னுடையது இல்லை.

"நானே செஞ்சது. பெரியம்மா தொடல. வெயில்ல போட்டுக்கோங்க" என்று எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

அக்கா


ஜூலை 12

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே இருக்கிறபடி இருக்கிறோம். உன் முதுகு எப்படி?

முந்தாநாள் நீ வேலையில் இருந்தபோது அத்தான் போனுக்கு இவர் முகம் காட்டிப் பேசினாரே, அத்தான் சொல்லியிருப்பார். அவர் சொன்னால் "பேசினாங்க" என்பதோடு முடிந்திருக்கும். அதனால் நான் எழுதுகிறேன்.

தொப்பி வந்ததும் தலையில் வைத்துவிட்டேன். ஒரு பக்கம் உயரம், ஒரு பக்கம் பள்ளம். கழற்றவா என்றேன், வேண்டாம் என்றார். பிசியோதெரபிப் பெண் வந்து பார்த்து, "யாரு சார் தையல்காரர்?" என்றாள். "என் பொண்ணு" என்றார். விழுந்தபின் அவர் அப்படிப் பெருமையாக ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. மத்தியானம் சாப்பிட்ட பிறகு, தானாகவே, "போனைப் போடு, முகம் தெரியிற மாதிரி" என்றார்.

கைகளைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். குட்டி வந்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு முகத்தைச் சுளித்தாள். "அப்பா, தொப்பி திரும்பி இருக்கு. பெரிய மடிப்பு முன்னால வரணும்."

நான் திருப்பி வைக்க எழுந்தேன். "அம்மா, நீ தொடாத" என்றாள் அங்கிருந்தே. "அப்பாவே திருப்பட்டும்."

இவர் என்னைப் பார்த்தார். நான் உட்கார்ந்துவிட்டேன். போர்வைக்குள்ளிருந்து ஒரு கை வந்தது, பிறகு இன்னொன்று. மூடாத விரல்களோடு இரண்டு மணிக்கட்டையும் தூக்கித் தலைக்கு இரண்டு பக்கமும் வைத்து, இடுக்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினார். ஒரு தடவை தொப்பி மூக்கு வரை இறங்கிவிட்டது. அவள் சிரிக்கவும் இல்லை, அவசரப்படுத்தவும் இல்லை. முகவாயில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவருக்கு வியர்த்துவிட்டது. சரியாக வந்ததும், "ம், இப்ப சரி" என்றாள். பிறகு, "கையைக் காட்டுங்க" என்றாள். காட்டினார்.

எப்போது வருவோம் என்று இன்னும் தெரியவில்லை. அதுவரை பள்ளிக்கு நீயே கொண்டுபோய் விட்டுவிடு. நான் ரொம்பக் களைத்திருக்கிறேன் அக்கா. ஆனால் இப்போது படுத்தால் தூக்கம் வருகிறது. அவள் கேட்ட கேள்விக்குப் பதில்: மூக்கு அரித்தால் தோளில் தேய்த்துக்கொள்கிறார். அப்படியே சொல்.

வீட்டில் எல்லோரும் சுகமாக இருங்கள்.

உன் தங்கை